கும்பகோணத்தில் ஒரு சிவில் வக்கீல் ஆபீஸ்: பழைய தீர்ப்பைப் படிக்கத் தெரிந்தவர்

ஏற்கெனவே ஜெயித்து முடித்த நிலத்துக்கே மறுபடியும் சம்மன் வந்திருக்கிறது, யாரிடம் போவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆபீஸ் பெயரையும் வக்கீல் பெயரையும் போடப் போவதில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு விற்பதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்லது செய்த மனிதருக்கு என்னால் சங்கடம் வர வேண்டாம். ஆனால் அங்கே எப்படி வேலை செய்கிறார்கள், எதைப் பார்த்து ஒருவரை நம்பலாம் என்பதைச் சொன்னால் எந்த ஊரில் இருப்பவருக்கும் பயன்படும்.

முதலில் எங்கள் விஷயம். அப்பா மின்வாரியத்தில் வேலையில் இருந்தபோது 1979-ல் கொஞ்சம் நஞ்சை கிரயம் வாங்கினார். அது குடும்பப் பணத்தில் வாங்கியது, எனக்குப் பாதி வேண்டும் என்று பெரியப்பா 1994-ல் கும்பகோணம் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். சாட்சி விசாரணையெல்லாம் நடந்து 2001-ல் தள்ளுபடி. தஞ்சாவூரில் மேல்முறையீடு செய்தார், அதுவும் 2006-ல் தள்ளுபடி. அதற்கு மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அவர் போகவில்லை. இப்போது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. பெரியப்பா மகன்கள், அதாவது எனக்கு அண்ணன்கள், அதே நிலத்தைப் போட்டு, கூடவே ஊரில் இருக்கும் மனைக்கட்டையும் சேர்த்து புதிதாக ஒரு ஓ.எஸ்., அதாவது சிவில் அசல் வழக்கு, போட்டுவிட்டார்கள். சம்மனைப் பார்த்ததும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இவ்வளவு வருஷம் அலைந்து வாங்கிய தீர்ப்புக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

இந்த ஆபீஸுக்கு முன்னால் வேறு ஒரு இடத்துக்குப் போனோம். சம்மனை மட்டும் பார்த்துவிட்டு, ஒரே மனுவில் தூக்கிப் போட்டுவிடலாம், அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். பழைய தீர்ப்பைக் கேட்கவே இல்லை. அங்கிருந்து எழுந்து வந்ததற்குக் காரணமே அதுதான். வந்திருப்பது இரண்டாவது வழக்கு என்று சொன்ன பிறகும் முதல் வழக்கில் என்ன நடந்தது என்று ஒரு வக்கீல் கேட்கவில்லை என்றால் அப்புறம் என்ன சொல்ல இருக்கிறது?

இங்கே நிலைமை நேர்மாறு. போனில் பேசும்போதே ஜூனியர் அம்மா ஒரு பட்டியல் சொன்னார்: பழைய பிராது (வாதி வழக்குப் போடும் மனு), எங்கள் பதிலுரை, தீர்ப்பு, தீர்ப்பாணை (தீர்ப்பின்படி தனியாக எழுதும் டிக்ரி), மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அதன் தீர்ப்பாணை, அப்புறம் புதுப் பிராது. தீர்ப்பு மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்டேன். போதாது, போன வழக்கில் யார் என்ன கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் கோர்ட் எதைத் தீர்த்தது என்று தெரியும் என்றார். உச்ச நீதிமன்றம் 1976-லேயே இதைச் சொல்லியிருக்கிறது: முன்தீர்ப்புத் தடை, அதாவது முன்னமே தீர்ந்ததை மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற தடை, இருக்கிறதா என்று பார்க்க முதலில் பழைய வழக்கின் வாதுரைகளை (பிராது, பதிலுரை) பார், பிறகு தீர்ப்பில் எது முடிவானது என்று பார். ஏதாவது ஒரு காகிதம் இல்லையென்றால் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் எடுக்கலாம், ஆனால் பழைய வழக்குக் கட்டுகளில் சிலவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கோர்ட்டில் அழித்துவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள் என்றும் அவரே சொன்னார். எங்கள் நல்ல நேரம், அப்பா எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார்.

பெரிய வக்கீல் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை. முதல் பக்கத்தில் வாதி யார், பிரதிவாதி யார் என்று பார்த்து, ஒரு தாளில் எங்கள் குடும்ப வம்சாவளியை வரைந்து, இன்று உயிரோடு இல்லாதவர்களைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு எழுவினாக்கள், அதாவது வழக்கில் கோர்ட் விடை சொல்ல வேண்டிய கேள்விகள், இருக்கும் பக்கத்துக்குப் போனார். முதல் எழுவினா: தாவா சொத்து (வழக்கில் உள்ள சொத்து) கூட்டுக் குடும்ப வருமானத்தில் வாங்கப்பட்டதா, அல்லது முதல் பிரதிவாதியின் சுயார்ஜிதமா (சொந்தச் சம்பாத்தியமா)? அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு அந்த எழுவினாவுக்கு நீதிபதி விடை சொல்லும் பத்திகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார், இடையில் எங்களுக்குப் புரிகிறதா என்று நிமிர்ந்து பார்த்தார். சம்பளச் சான்று, கூட்டுறவு சங்கத்தில் அப்பா எடுத்த கடன், கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட சாட்சி என்று நீதிபதி ஒவ்வொன்றாக அலசி, சுயார்ஜிதம்தான் என்று முடித்திருந்தார். அப்பா பெயரும் அவர் சம்பளமும் அந்த வரிகளில் இருப்பதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அப்புறம் விளக்கினார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, பிரிவு 11. கோர்ட்டில் எல்லாரும் ரெஸ் ஜுடிகேட்டா என்றுதான் சொல்கிறார்கள், தமிழில் முன்தீர்ப்புத் தடை. அதே தரப்பார் அல்லது அவர்கள் வழியில் உரிமை கோருகிறவர்கள், அதே விவகாரம், அதைத் தீர்க்க அதிகாரம் உள்ள நீதிமன்றம், இரு தரப்பையும் கேட்டு இறுதியாக முடிவு செய்தது. இவ்வளவும் பொருந்தினால் அந்த விவகாரத்தை இன்னொரு கோர்ட் மறுபடி விசாரிக்கக் கூடாது. பெரியப்பா மகன்கள் பெரியப்பாவின் வாரிசாகத்தான் வருகிறார்கள், அதனால் பெயர் மாறியிருந்தாலும் தரப்பு மாறவில்லை. நிலத்தை அவர்கள் நாளைக்கு வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தாலும் வாங்கினவருக்கும் இதே தடைதான். ஒரு மனுஷனை ஒரே விஷயத்துக்காக இரண்டு தடவை கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது, எந்த வழக்குக்கும் ஒரு முடிவு இருக்க வேண்டும், கோர்ட் சொன்னதை உண்மை என்று ஏற்க வேண்டும், இந்த மூன்றும்தான் அஸ்திவாரம் என்றார். வெள்ளைக்காரன் கொண்டு வந்த சட்டம் என்று நினைக்காதீர்கள், நம் பழைய தர்ம சாஸ்திரங்களிலேயே பிரதிவாதி சொல்லக்கூடிய நான்கு வகைப் பதில்களில் ஒன்று 'இது முன்னமே தீர்ந்துவிட்டது' என்பது, அதற்குப் பிராங்நியாயம் என்று பெயர் என்றும் சொன்னார்.

அண்ணன்கள் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். நிலம் தாத்தாவின் பணத்தில் அப்பா பெயரில் வாங்கியது, தாத்தா 1985-ல் பெரியப்பாவுக்குச் சாதகமாக ஒரு உயில் எழுதியிருக்கிறார், பதிவு செய்யாத உயில். இதைப் பற்றித்தான் நான் பயந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் பழைய தீர்ப்பில் உயில் என்ற பேச்சே கிடையாது. அவர் புதுப் பிராதைப் புரட்டி ஒரு வரியில் பென்சிலை வைத்தார். உயில் பெரியப்பாவின் பீரோவிலேயே இருந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 'கையில இருந்ததை அப்பவே சொல்லியிருக்கணும்மா. சொல்லாம விட்டா சொல்லித் தோத்த மாதிரிதான்' என்றார். பிரிவு 11-ன் நான்காவது விளக்கம் அதுதான்: முந்தைய வழக்கில் எழுப்பியிருக்கக்கூடிய, எழுப்பியிருக்க வேண்டிய வாதம் எல்லாம் எழுப்பியதாகவே கருதப்படும்.

இதற்கு அவர் சொன்ன உதாரணம் எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது. உத்தரப்பிரதேசத்தில் நவாப் ஹுசைன் என்ற சப் இன்ஸ்பெக்டரை டி.ஐ.ஜி. வேலை நீக்கம் செய்தார். என் தரப்பைச் சொல்ல முறையான வாய்ப்புத் தரவில்லை என்று அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுத் தோற்றார். பிறகு சிவில் வழக்குப் போட்டு, என்னை நியமித்தவர் ஐ.ஜி., அவருக்குக் கீழே இருக்கும் டி.ஐ.ஜி. என்னை நீக்கவே முடியாது என்றார். நல்ல வாதம், அரசியலமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவிலேயே இருக்கிற பாதுகாப்பு. ஆனால் 1977-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்க மறுத்துவிட்டது. முதல் தடவையே உனக்குத் தெரிந்திருந்த விஷயம், அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றது. அவ்வளவு வலுவான வாதத்துக்கே அந்தக் கதி என்றால், பீரோவில் இருந்த உயில் எம்மாத்திரம் என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த ஆபீஸை நான் நம்பியது இதற்கு அடுத்து அவர் சொன்னதில்தான். நாங்கள் சந்தோஷமாக எழுந்திருக்கப் போகும்போது உட்காரச் சொன்னார். மனைக்கட்டு பழைய வழக்கின் சொத்து விவரத்தில் இல்லை, அதைப் பற்றி எந்த எழுவினாவும் இல்லை, அதனால் அதற்கு இந்தத் தடை வராது, அந்தப் பங்கை ஆதாரம் வைத்துத்தான் வாதாட வேண்டும், தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது என்றார். பழைய தீர்ப்பில் ஒரு இடத்தில் போகிற போக்கில் நீதிபதி மனைக்கட்டையும் குறிப்பிட்டு அப்பா அனுபவத்தில் இருப்பதாக எழுதியிருந்தார். அதைக் காட்டினேன். அது நேரடியாகத் தீர்க்க வேண்டிய விஷயமாக இல்லாமல் பக்கவாட்டில் சொன்னது, அது கட்டுப்படுத்தாது என்று மறுத்துவிட்டார். வெறும் உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) வழக்கில் அனுபவத்தைப் பார்த்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு, உரிமையே தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய பேராம். உரிமை பற்றி எழுவினா போட்டு, சாட்சியம் எடுத்து, அதன் மேல்தான் தீர்ப்பு நின்றது என்றால்தான் அது பின்னால் தடையாக வரும். கட்சிக்காரர் காதுக்கு இனிமையாக இல்லாததையும் சொல்கிற வக்கீல் கிடைப்பது லேசில்லை.

ஒரே மனுவில் தூக்கிப் போடலாம் என்று முன்னால் சொன்னார்களே, அதைப் பற்றியும் கேட்டேன். பிராதை நிராகரிக்கக் கோரும், அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7 விதி 11 மனுவில் கோர்ட் பிராதை மட்டும்தான் பார்க்கும், நம் பதிலுரையைப் பார்க்காது. முன்தீர்ப்புத் தடையை நிரூபிக்கப் பழைய வழக்கின் வாதுரை, எழுவினா, தீர்ப்பு எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டியிருப்பதால் பொதுவாக அந்த மனுவில் இதை முடிவு செய்ய முடியாது என்று 2021-ல் ஸ்ரீஹரி ஹனுமந்தாஸ் தோதலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பதிலுரையில் தெளிவாக எழுப்பி, பழைய ஆவணங்களைச் சான்றாவணமாகக் குறியீடு செய்து, அதற்கென்று ஒரு எழுவினா கேட்டு வாங்க வேண்டும். உண்மை நிலவரத்தில் தகராறு இல்லையென்றால் அதையே முதல் எழுவினாவாக விசாரிக்கக் கேட்கலாம், ஆனால் கோர்ட் எல்லாவற்றையும் சேர்த்தே விசாரிக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள் என்றார். சீக்கிரம் முடியும் என்ற ஆசையை வளர்க்கவில்லை. கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் இப்படித் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இன்னொன்று கேட்டார், அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. 'அப்பா அந்த வழக்குல எதையாவது மறைச்சாரா? எங்கிட்ட சொல்லிடுங்க.' மோசடி செய்து வாங்கிய தீர்ப்புக்கு மதிப்பே கிடையாது, எந்தக் கோர்ட்டிலும் எப்போது வேண்டுமானாலும் அதைத் தாக்கலாம் என்பதால் கேட்டாராம். நம் சென்னையிலிருந்து போன செங்கல்வராய நாயுடு வழக்கு, எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்பில் 1994 முதல் தொகுதி முதல் பக்கம். தன் முதலாளிக்காக ஏலத்தில் எடுத்த சொத்தை அவருக்கே விடுதலைப் பத்திரம் (உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டில் காட்டாமல் பாகப்பிரிவினைத் தீர்ப்பாணை வாங்கிவிட்டார் வாதி. முக்கியமான ஆவணத்தை மறைத்ததே மோசடி என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பாணையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. இப்படித் தாக்க வழி தருவது பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 44 என்று இருந்தது, 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்தில் பிரிவு 38. ஆனால் மோசடி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது, யார் எப்போது எதை மறைத்தார் என்று விவரமாகப் பிராதில் சொல்ல வேண்டும். அண்ணன்கள் பிராதில் அப்படி எதுவும் இல்லை. அப்பா எதையும் மறைக்கவில்லை என்று என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

சம்மனைக் கண்டுகொள்ளாமல் விடுவது பற்றி அவர் பேசியதை அம்மாவுக்காகவே இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். நம்மிடம்தான் தீர்ப்பு இருக்கிறதே, நாம் ஏன் போக வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் இருக்கும் எண்ணம். தடை இருக்கிறது என்பதற்காக கோர்ட் தானாக வழக்கை நம்பர் போடாமல் திருப்பி அனுப்பாது. நாம் போய்ச் சொன்னால்தான் தெரியும். போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது நாம் இல்லாமலே வழக்கு நடந்து, எதிராகத் தீர்ப்பு வந்து, இரண்டு தீர்ப்பும் முரண்பட்டால் பின்னால் வந்ததுதான் நிற்கும் என்ற நிலைக்குப் போய்விடும். சம்மன் கிடைத்து 30 நாளில் பதிலுரை, காரணம் காட்டினால் 90 நாள் வரை. ஜெயித்தவர்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்பதை நான் இதற்கு முன்னால் யோசித்ததே இல்லை.

ஒரே தீர்ப்பில் முடிகிற இரண்டு வழக்குகள் பற்றியும் எச்சரித்தார், மனைக்கட்டுக்காக நாங்களும் ஒரு வழக்குப் போட வேண்டி வரலாம் என்ற பேச்சு வந்ததால். நாம் ஒரு வழக்கு, அவர்கள் ஒரு வழக்கு, இரண்டையும் சேர்த்து விசாரித்து ஒரே தீர்ப்பு வருகிறது என்று வையுங்கள். தீர்ப்பு ஒன்றாக இருந்தாலும் தீர்ப்பாணை இரண்டு. கோர்ட் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒன்றுக்கு மட்டும் மேல்முறையீடு செய்தால், மற்றது இறுதியாகி, அதுவே நம் மேல்முறையீட்டுக்குத் தடையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கங்கை விநாயகர் கோயில் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இது தெரியாமல் நல்ல வழக்கைத் தொலைத்தவர்களைத் தன் கண்ணாலேயே பார்த்திருப்பதாகச் சொன்னபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

எல்லாத் தள்ளுபடியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காத்திருக்கும்போது ஜூனியரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. பிராதில் குறை என்று நிராகரித்திருந்தால் புதிதாகப் பிராது போடலாம். வாதி வராததால் தள்ளுபடி ஆனது என்றால் அதே காரணத்துக்கு வாதி மறுபடி வழக்குப் போட முடியாது, அந்த உத்தரவை நீக்கத்தான் மனுப் போட வேண்டும். இரண்டு பேருமே வராமல் போனது என்றால் காலவரம்புக்குள் இருக்கும் வரை புது வழக்குக்கு வழி உண்டு. அனுமதி வாங்காமல் வாபஸ் பெற்றால் அதோடு முடிந்தது. லோக் அதாலத்தில் சமரசமாக முடித்தால் அது தீர்ப்பாணை மாதிரி, மேல்முறையீடே கிடையாது. உங்கள் பழைய கட்டில் 'தள்ளுபடி' என்று இருந்தால் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

சரி, சேவை எப்படி? முதல் ஆலோசனைக்கு 2,000 ரூபாய், கட்டு முழுக்கப் படித்து எழுத்தில் கருத்துத் தர 7,500. என்னைப் பொறுத்தவரை கொடுத்த காசுக்கு மேலேயே வேலை நடந்தது, ரசீதும் கேட்காமலே கிடைத்தது. எழுத்துக் கருத்து ஆங்கிலத்தில்தான் வந்தது. அம்மாவும் படிக்க வேண்டும் என்றதும் ஜூனியர் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார், அது மூலத்தை விடத் தெளிவாக இருந்தது. வழக்குப் போட்டால் ஜெயிப்பீர்கள் என்று யாருக்கும் உறுதி சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. சாயங்காலம் போனால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும், டோக்கன் கொடுத்தாலும் அந்த நேரத்துக்கு உள்ளே விடுவதில்லை. ஆபீஸ் மாடியில், படி செங்குத்து, முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம், அம்மாவை நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில் வராது, காகிதமாகத்தான் வேண்டும். எனக்கு மிகவும் உறுத்தியது, வெளி ஹாலில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது எல்லாம் கேட்கிறது. அடுத்தவர் குடும்ப விஷயம் நம் காதில் விழக் கூடாது, நம்முடையது அவர்கள் காதில் விழவும் கூடாது. இதை நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன், கதவுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள்.

போகிறவர்கள் காலை பத்துக்கு முன்னால் அல்லது சனிக்கிழமை போங்கள், மற்ற நேரம் அவர் கோர்ட்டில் இருப்பார். பழைய வழக்கு எண் மறந்துவிட்டது என்றால் ஈ-கோர்ட்ஸ் செயலியில் தரப்பார் பெயரும் ஆண்டும் போட்டுத் தேடிப் பாருங்கள், இலவசம். ரொம்பப் பழைய வழக்கென்றால் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் கிடைக்கும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. எங்கள் பதிலுரை தாக்கல் ஆகிவிட்டது, முன்தீர்ப்புத் தடைதான் அதில் முதல் வாதம், மனைக்கட்டுக்கு வீட்டு வரி ரசீதுகளைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.